முப்பத்தாறு கார்களும் ஒரு மட்கார்டும்

உங்கள் கையில் 340 கோடி ரூபாய் இருந்தால் என்ன செய்வீர்கள்?

எங்கள் விடுதியில் ஒரு நாள் ராத்திரி இந்தப் பேச்சு வந்தது. ஒருவன் ஊரையே விலைக்கு வாங்குவேன் என்றான். இன்னொருவன் முதலில் மெஸ் பாக்கியைக் கட்டுவேன் என்றான். சீனியர் அண்ணன் சிரித்துக்கொண்டே, "டேய், அந்தப் பணத்துக்கு ஒருத்தர் ஒரே ஒரு பழைய கார் வாங்கியிருக்காருடா" என்று போனில் ஒரு படத்தைக் காட்டினார்.

நீண்ட மூக்கு, வெடுக்கென்று வெட்டிவிட்ட மாதிரி வால். ஃபெராரி 250 ஜி.டி.ஓ., 1962ஆம் வருஷத்து வண்டி. 2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் மான்டரேயில் நடந்த ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம், நான் டிங்கர் வீட்டுப் பிள்ளை. அப்பாவின் பட்டறையில் வளர்ந்தவன். வருஷம் ஏற ஏற வண்டியின் விலை இறங்கும், கடைசியில் காயலான் கடைத் தராசில் போய் நிற்கும். நாம் பரீட்சைக்கு 'தேய்மானம்' என்று உருப்போடுவதும் அதைத்தானே? இந்த வண்டிக்கு மட்டும் கணக்கு ஏன் தலைகீழாகப் போகிறது? அன்றிலிருந்து தேடித் தேடிப் படித்தேன். (அரியர் பேப்பருக்கு இதில் பாதி படித்திருந்தால் பாஸாகியிருப்பேன்!)

1962 முதல் 1964 வரை இந்த மாடலில் செய்தது மொத்தம் 36 கார்கள். அந்தப் பந்தயப் பிரிவில் ஓட வேண்டுமானால் குறைந்தது 100 கார் செய்திருக்க வேண்டும் என்பது விதி. ஏற்கெனவே இருந்த 250 ஜி.டி. காரின் திருத்திய வடிவம்தான் இது என்று காட்டி ஃபெராரி அனுமதி வாங்கிவிட்டது. பெயரின் கடைசி எழுத்தான 'ஓ', ஒமொலொகாத்தோ, அதாவது 'அனுமதி பெற்றது' என்ற இத்தாலியச் சொல்லைக் குறிக்கிறது.

மூன்று லிட்டர் வி-12 இஞ்சின், ஆறு வெபர் கார்புரேட்டர், சுமார் 300 குதிரைத்திறன். ஆனால் பின் அச்சில் நம்ம அம்பாசடர் மாதிரியே லீஃப் ஸ்பிரிங்! அமெரிக்காவில் அன்றைய புது விலை சுமார் 18,000 டாலர். அப்போது டாலர் ஐந்து ரூபாய்க்கும் குறைவு. ஆக, நம் கணக்கில் 90 ஆயிரம் ரூபாய்கூட இல்லை.

இந்தக் காரை உருவாக்க ஆரம்பித்தவர் ஜொட்டோ பிட்ஸாரினி என்ற பொறியாளர். அவர் 1961 கடைசியில் கம்பெனியை விட்டுப் போக, மீதி வேலையை முடித்தவர் மௌரோ ஃபோர்கியேரி. பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 26. இவர்கள் இருவரும் படித்தவர்கள். என்னை உலுக்கியது மூன்றாவது ஆள்தான். மோடெனா நகரில் பட்டறை வைத்திருந்த செர்ஜியோ ஸ்காலியெத்தி. 13 வயதில் வேலைக்கு வந்தவர். அலுமினியத் தகட்டை மணல் மூட்டை மேல் போட்டு, சுத்தியலால் தட்டித் தட்டி, கண் அளவிலேயே வளைவு கொண்டுவந்தவர். அவர் பட்டறையில் கையால் தட்டியதால் 36 காரில் எந்த இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல் இருக்காது. அந்த வடிவத்தை ஒரு கலைப்படைப்பு என்று 2019ல் இத்தாலியின் பொலோன்யா நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

சரி, அதே மாதிரி இன்னொன்று தட்டினால் போச்சு என்பீர்கள். தட்டினார்கள். 250 ஜி.டி.இ. என்ற நாலு பேர் உட்காரும் ஃபெராரியில் 950க்கும் மேல் செய்திருந்தார்கள். அவற்றில் சிலவற்றைப் பிரித்து, அந்த இஞ்சினையும் சட்டத்தையும் வைத்து ஜி.டி.ஓ. நகல் செய்தார்கள். பார்க்க அதே கார்தான். விலையோ அசலுக்குக் கிட்டவே வராது. சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது நம்பர். சேஸிஸ் நம்பர், இஞ்சின் நம்பர், கியர்பாக்ஸ் நம்பர் எல்லாம் ஃபாக்டரிப் பதிவோடு ஒத்துப்போக வேண்டும். எந்தப் பந்தயம், யார் ஓட்டினார், யார் கைக்கு மாறியது, எந்தப் பட்டறையில் என்ன வேலை என்று பில்லும் போட்டோவும் கோப்பாக இருக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டு இல்லாமல் பிராக்டிகலுக்குப் போனால் எக்ஸ்டர்னல் என்ன செய்வார்? அதே கதைதான் அங்கேயும்.

இந்த விலையும் நேர்கோட்டில் ஏறியதல்ல. 1988ல் என்ஸோ ஃபெராரி இறந்த சமயத்தில் விலை வெறி பிடித்து ஏறி, ஒரு ஜி.டி.ஓ. ஒரு கோடி டாலரைத் தாண்டியது. 1990களின் நடுவில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. சீக்கிரம் பணம் பண்ண நினைத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். பிறகு மறுபடி ஏறி, 2023 நவம்பரில் நியூயார்க்கில் இதே குடும்பத்து 1962 கார் ஒன்று 5 கோடியே 17 லட்சம் டாலருக்கு விற்றது.

இதில் நம்மைப் போன்ற மாணவர்களுக்கென்றே ஒரு கதை உண்டு. டெக்சாஸ் மாநிலத்தில் விக்டோரியா என்ற ஊர். அங்கே பந்தயக் கார் வைத்திருந்த ஒருவர், ஓடி முடிந்த தன் ஜி.டி.ஓ.வை 1964ல் உள்ளூர் உயர்நிலைப் பள்ளிக்குத் தானமாகக் கொடுத்தார். எதற்கு? ஆட்டோமொபைல் வகுப்பில் பிள்ளைகள் கழற்றிப் பழக! 1972ல் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் டிரெய்லரில் ஏற்றி ஒஹாயோவில் ஒரு வெட்டவெளியில் நிறுத்தினார். வெயிலிலும் பனியிலும் பல வருஷம் அங்கேயே கிடந்தது. 1980களின் பிற்பகுதியில்தான் அதற்கு விடிவு வந்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் செய்த வேலை ஞாபகத்துக்கு வந்தது.

போன மே மாத விடுமுறை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் ஃபியட் 1100 அப்பாவிடம் வந்திருந்தது. மும்பையில் செய்தாலும் அதுவும் இத்தாலி வம்சம்தான். முன் மட்கார்டு துருப்பிடித்து, ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது. மூணு நாள் தட்டினா பழையபடி வந்துடும் என்றார் அப்பா. மூணு நாள் கூலிக்கு டூப்ளிகேட்டே வாங்கிடலாமே என்றேன் நான். அவர் சந்தைக்குப் போன நேரத்தில் டூப்ளிகேட் வாங்கி வந்து மாட்டிவிட்டு, பழையதைக் காயலான் கடையில் 180 ரூபாய்க்குப் போட்டேன். டிப்ளமோ மூளை!

சாயங்காலம் அப்பா வந்து பார்த்தார். பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே கோடு சேரவில்லை, விரல் நுழையும் இடைவெளி. என்னைத் திட்டவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். 400 ரூபாய் கொடுத்து அதே மட்கார்டை மீட்டுக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். "அது வாத்தியாரோட பொருள்டா. விக்கிறதுக்கு நீ யாரு?" என்று மட்டும் கேட்டார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. பிழைக்கத் தெரியாதவர் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் அந்த மட்கார்டு கோடு பிசகாமல் உட்கார்ந்தது. வாத்தியார் அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். அது அவருடைய அப்பா வாங்கிய வண்டி.

ஸ்காலியெத்தி கதையைப் படித்த இரவே அப்பாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். 340 கோடியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அவரும் மணல் மூட்டையிலயா தட்டுனாரு?" என்று கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். "தகடு மெலிசா இருந்தா அதான் சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சாப்டியா?" என்றார்.

நண்பர்களே, நாம் யாரும் ஃபெராரி வாங்கப் போவதில்லை. ஆனால் நாளைக்கு நம் கைக்கு யாருடைய வண்டியோ, யாருடைய மெஷினோ வரத்தான் போகிறது. கழற்றிய பாகத்தைக் கேட்காமல் எறியாதீர்கள். நம்பர் உள்ள இடத்தில் கிரைண்டர் வைக்காதீர்கள். செய்த வேலையை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். போன அசல் திரும்ப வராது.

கடைசியாக ஒன்று. முதலாம் ஆண்டு சேர்ந்தபோது விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் 'டிங்கர்' என்று எழுதக் கூச்சப்பட்டு, 'சொந்தத் தொழில்' என்று எழுதினேன். அதை இப்போது திருத்த முடியாது. ஆகவே இந்த மலரில் எழுதிவிடுகிறேன். என் அப்பா ஒரு டிங்கர்.