மேல் என்பது எந்தத் திசை

தேசப்படத்தில் மேலே இருப்பது வடக்கு. தமிழிலோ மேல் என்றால் மேற்கு. இந்த முரணுக்கு நடுவில்தான் நம் பிள்ளைகள் திசை கற்கிறார்கள். மேற்கே மலை, கிழக்கே கடல் என்று சரிகிற நிலத்தைப் பார்த்துப் பிறந்த சொற்கள் இவை. மேல்விஷாரம், கீழ்விஷாரம் என்ற ஊர்ப் பெயர்களில் அந்தச் சரிவு இன்னும் இருக்கிறது. சுவரில் தொங்கும் படத்துக்குச் சரிவு கிடையாது.

பெஞ்சமின் ப்ளூமும் சகாக்களும் 1956ல் சிந்தனையை ஆறு படிகளாக வகுத்தார்கள்: அறிதல், புரிதல், பிரயோகித்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடுதல். ஆசிரியப் பயிற்சியில் இந்த ஆறையும் மனப்பாடம் செய்கிறார்கள், முதல் படியில் நின்றபடியே.

பாங்கு வேலை முடிந்த மாலைகளில் ஆம்பூரில் என் தெருப் பிள்ளைகள் சிலருக்குப் பாடம் சொல்வதுண்டு. டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். வேலூர் எந்தத் திசை என்றால் வடகிழக்கு என்று விடை வந்துவிடும். காலை பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்றால் சற்று யோசிப்பார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று இத்தனை டேனரிகள் பாலாற்றை ஒட்டியே ஏன் என்று ஒருநாள் கேட்டேன். ஊறவைக்க, சுண்ணாம்பு போட, அலச, தோலுக்குத் தண்ணீர் வேண்டும் என்றார்கள். மேலே மணலாகக் கிடந்தாலும் ஆற்றின் அடியில் நீர் உண்டு என்பதும் தெரிந்திருந்தது. அலசிய தண்ணீர் எந்தத் திசையில் போயிருக்கும்?

“கீழ” என்றாள் ஒரு சிறுமி. பிறகு, “கீழ இருக்கிறவங்களக் கேட்டுட்டா சார் விட்டாங்க?”

முதல் படியிலிருந்து ஆறாம் படிக்கு அவளைத் தூக்கிப் போனது ஒரே சொல். கீழ் என்பது திசையாகவும் தாழ்வாகவும் இருப்பதால் முடிந்தது. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996ல் சொன்னதற்கு அடியில் இருப்பதும் இந்தக் கேள்விதான். அவள் அம்மாவின் கூலியும் டேனரியிலிருந்துதான் வருகிறது. தெரிந்தேதான் கேட்டாள்.

நம் விமர்சனத்திலும் யார் யாருக்கு எந்தப் பக்கம் என்கிற இட விவரமே அதிகம். ஒரு கவிதை எந்தப் பக்கம் சரிகிறது, யார் கிணற்றில் இறங்குகிறது என்று கேட்கிறவர்கள் குறைவு.

படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, வடக்கை வடக்குக்கு நேராக வைத்துத் தரையில் விரிக்கலாம். பிள்ளைகள் சுற்றி உட்காரட்டும். அவரவர் வீடு யாருக்கு மேல், யாருக்குக் கீழ் என்று அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.