பாட்டியின் தோடு

கல்லூரிப் படிப்பை முடித்துத் திருப்புலி நாட்டுக்கு நான் திரும்பிய இரவு, பாட்டியும் நானும் திண்ணையில் அமர்ந்திருந்தோம். பலாமரங்களுக்கு மேலே வானம் நிறைய விண்மீன்கள். பாட்டி கேட்டார்: "என் தோட்டை விற்றுப் படித்தாயே, சாமி! என்னதான் படித்தாய்?"

அணுக்கருவியல் என்றால் அவருக்கு விளங்குமா? "ஆயா, அந்தத் தோடு பிறந்த கதையைப் படித்தேன்" என்றேன்.

பொன்னின் அணுக்கருவில் 79 புரோட்டான்களும் 118 நியூட்ரான்களும் உள்ளன. நியூட்ரான் அளவுக்கு மிஞ்சிய கருக்களோ நெடிது நிலைத்திரா. பிளாட்டினம்-197 அத்தகையது, பொன்னைவிட அதில் ஒரு நியூட்ரான் மிகுதி, ஒரு புரோட்டான் குறைவு. அந்த நியூட்ரான் ஓர் எலெக்ட்ரானை உமிழ்ந்து புரோட்டானாக மாற, கரு பொன்னாகிறது. ஏறத்தாழ 20 மணி நேரத்தில் பாதிக் கருக்கள் இவ்வாறு மாறிவிடும். புதிதாய்ப் பிறந்த பொற்கரு சிலவேளை கிளர்ச்சியுற்றிருக்கும். காமாக் கதிரை வீசிய பின்பே அமைதியுறும்.

நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போது இவ்வகைக் கருக்கள் பெருந்திரளாய்த் தோன்றுகின்றன. அத்தகைய மோதல் ஒன்றை 2017 ஆகஸ்டு 17 அன்று அறிஞர்கள் கண்டனர். அக்கருக்களுட் பலவற்றை எந்த ஆய்வுக்கூடத்திலும் இன்னும் படைக்க இயலவில்லை. அவற்றின் வாழ்நாளைக் கணக்கிட்டே அறிதல் வேண்டும். அந்தக் கணக்கே என் படிப்பு.

பாட்டி தம் வெறுங்காதைத் தடவிக்கொண்டார்.

"வாங்கிய கடைக்காரன் இதையெல்லாம் சொல்லாமல் எடை மட்டும் போட்டானே!" என்றார்.