மிருதனும் ஒரு செம்புத் தண்ணீரும்

எங்கள் பேரையூரிலிருந்து மதுரைக்குச் சென்று படக்காட்சி காண்பதாயின் கல்லுப்பட்டியும் திருமங்கலமும் கடந்து செல்லவேண்டும். அங்ஙனம் அலைந்து சென்று, 2016-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளிவந்த 'மிருதன்' என்னும் படத்தை என் தம்பியுடன் கண்டேன். செத்தவர் போலாகித் திரியும் மாந்தரைப் பற்றித் தமிழில் எழுந்த முதற்படம் அதுவே எனப் பறைசாற்றியிருந்தனர். மிருகம், மனிதன் என்னும் இரு சொற்களின் புணர்ப்பே அப்பெயர். இயக்கியவர் சக்தி சௌந்தர் ராஜன். நாயகனாய் நடித்தவர் ஜெயம் ரவி.

தொடக்கம் என்னை ஆட்கொண்டது. உதகமண்டலத்தில் நச்சு நீர்மம் ஒன்று சிந்திக் கிடக்கிறது. அதனை ஒரு நாய் நக்குகிறது. அந்நாய் ஒருவனைக் கடிக்கிறது. கடியுண்டவன் பிறரைக் கடிக்கிறான். பேயுமில்லை, மந்திரமுமில்லை. நோயுற்றோர் தண்ணீரைக் கண்டு அஞ்சுவர் என்று காட்டியபொழுது என் உடல் சிலிர்த்தது. அவ்வச்சத்தைச் சிறுவயதில் யான் கண்ணாரக் கண்டவன்.

என் பெரியப்பாவை ஒரு வெறிநாய் கெண்டைக்காலிற் கடித்தது. சிறு காயந்தானே என்று மிளகாய்ப்பொடியை வைத்துக் கட்டிக்கொண்டு காட்டுவேலைக்குப் போய்விட்டார். ஏறக்குறைய இரண்டு மாதங்கழித்து ஒருநாள் பெரியம்மா செம்பில் தண்ணீர் கொடுத்தார். அதனைக் கண்டதும் பெரியப்பாவின் தொண்டை இழுத்துக்கொண்டது. தாகமோ தாங்கவில்லை, குடிக்கவோ இயலவில்லை. இடையிடையே அறிவு தெளியும். அப்பொழுதெல்லாம், "பிள்ளைகளை உள்ளே விடாதே, கதவை வெளியே தாழிடு" என்பார். என்னைப் பெயர் சொல்லி அழைத்து, "கிட்ட வராதே ஐயா" என்றார். மூன்றாம் நாள் மாண்டார்.

இந்நோய்க்கு லூயி பாஸ்டர் 1885-இல் பாரிசு நகரில் ஊசிமருந்தால் வழி கண்டார். உதகைக்கு அணித்தாயுள்ள குன்னூரில் 1907-இல் அவர் பெயரால் ஒரு நிலையம் தோன்றி, அம்மருந்தை நெடுங்காலம் செய்து வந்தது. நாய்க்கடியும் நீரச்சமும் கொண்ட கதை நிகழ்வது அதே மலையில்! இப்பொருத்தம் ஒன்றைக்கொண்டே எத்துணை அரிய கதை புனைந்திருக்கலாம்!

நிகழ்ந்ததோ வேறு. போக்குவரத்துக் காவலனாகிய நாயகன் துப்பாக்கி ஏந்தினான். மருத்துவரைக் கோயம்புத்தூருக்கு அழைத்துச் சென்றான். ஒருதலைக் காதலால் உருகினான். ஊர் அழியும்பொழுதும் பாட்டுக்குக் குறைவில்லை. நேற்றுவரை அண்டை வீட்டாராய் இருந்தோர் பெயரற்ற இலக்குகளாய் வீழ்ந்தனர். வீழ்ந்தவர் பெருகப் பெருக எனக்கு அச்சமும் போயிற்று, இரக்கமும் போயிற்று. அமெரிக்கராகிய ஜார்ஜ் ரொமேரோ 1968-இல் எடுத்த படத்தில், இரவெல்லாம் போராடித் தப்பிய நாயகனை, விடியலில் வந்த வேட்டைக் கூட்டத்தார் அவனும் அப்பிணங்களுள் ஒன்றெனக் கருதிச் சுட்டு வீழ்த்துவர். அந்த ஒரு குண்டின் வலி இங்கு நூறு குண்டுகளிலும் இல்லை.

முடிவில் நாயகனும் அந்நோய்க்கு ஆளாகிறான். அவ்விடத்தில் மட்டும் பெரியப்பாவின் சாயல் சற்றே தோன்றியது என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் அதற்குள் பாதிப்பேர் எழுந்து நின்றுவிட்டனர்.

கடைசிப் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். படம் முழுதும் நகைத்துக்கொண்டிருந்த தம்பி, இறங்கியதும் இருளில் நாயொன்று உறுமக் கேட்டு என் கையைப் பற்றிக்கொண்டான்.