ஆரணியில் எத்தனை ஈரம்!

ஸ்பானிஷ் பாஷையில் 'மொஹாதோ' என்று ஒரு வார்த்தை. 'நனைந்தது' என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆனால் போகிற இடத்தைப் பொறுத்து அது எடுக்கிற அவதாரங்கள் இருக்கே! 'நனைந்த காகிதம்' என்றால் செல்லாத பத்திரம். 'நனைந்த இடத்திலேயே மழை' என்றால், நம்ம ஊர் 'பட்ட காலிலேயே படும்' கேஸ். மெக்ஸிகோவிலிருந்து ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்து திருட்டுத்தனமாக அமெரிக்காவுக்குள் நுழைகிறவருக்கும் அதே பெயர். சட்டை காய்ந்து 20 வருஷம் ஆனாலும் அவர் 'நனைந்தவர்'தான்.

தமிழ் மட்டும் இளைத்ததா என்ன? 'ஈரம்' என்ற வார்த்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆரணிக்கு பஸ் ஏறுங்கள். ரயிலில் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 'ஆரணி ரோடு' என்ற போர்டைப் பார்த்து இறங்கினால், அது களம்பூர். அங்கிருந்தும் பஸ் பிடிக்கணும்!

ஊரை ஒட்டி கமண்டல நாகநதி. ஜமதக்னி முனிவரின் கமண்டலத் தண்ணீர்தான் ஆறாக ஓடியது என்பது பக்கத்துப் படவேட்டுக் கதை. மழைக்காலம் போனபிறகு பார்த்தால், முனிவர் திரும்பி வந்து கமண்டலத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாரோ என்று தோன்றும். ஆற்றில் இல்லாத ஈரம் ஊருக்குள் இருக்கிறது. தறியில்!

பட்டு நூல் ஒரு ஊமைக் குசும்பன். தன் எடையில் 30 சதவீதம் வரை காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டு, தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரியே இருக்கும். சில நண்பர்கள் 'தண்ணி' போட்டுவிட்டு, வாயில் கிராம்போடு வீட்டு வாசலில் நிற்பார்களே, அந்த மாதிரி. எடை போட்டு விற்கிற சரக்கு இப்படிக் குடித்தால் வியாபாரம் என்னத்துக்கு ஆகும்? அதற்காகவே பிரான்சின் லியோன் நகரத்தில், நெப்போலியன் காலத்தில் 1805-லேயே பட்டின் ஈரத்தை அளந்து நிஜ எடை சொல்ல அரசாங்க நிலையம் வந்துவிட்டது. காய்ந்த பட்டின் எடையோடு 11 சதவீத ஈரம் சேர்த்துக்கொள்ளலாம் என்பது வியாபாரக் கணக்கு.

நூலையும் எடை போட்டுக் கொடுத்து, நெய்த சேலையையும் எடை போட்டு வாங்குகிற தொழில் இது. மழை நாளில் வாங்கிய நூல் வெயில் நாளில் சேலையாகித் தராசில் ஏறினால் சில கிராம் குறையும். எடுத்தது யார்? காற்று. காற்றைக் கூப்பிட்டு விசாரிக்க முடியுமா? பதில் சொல்ல வேண்டியவர் நெசவாளிதான்.

குழித்தறியைப் பார்த்திருக்கிறீர்களா? தரையில் குழி தோண்டி, அதற்குள் காலை விட்டு மிதிக்க வேண்டும். அந்தக் குழியின் ஈரம் இழைக்கு நல்லது. கோடைக் காற்றில் இழை பட்பட்டென்று அறும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதே குழியில் தண்ணீர் ஊறும். ஜக்கார்டு அட்டை ஊதிக்கொள்ளும். பாவைத் தெருவில் நீட்டிக் கட்ட முடியாது. மழை வந்தால் நாம் 'இன்னிக்கு ஆபீஸ் உண்டா?' என்று ஆசையாகக் கேட்போம். லீவு விட்டாலும் சம்பளம் வரும். இங்கே சேலைக்கு இவ்வளவு என்று கூலி. தறி நின்றால் கூலியும் நின்றது. 'வயித்துல ஈரத்துணியைக் கட்டிக்கிட்டு' என்று கிழவிகள் சொல்வது அப்போதுதான் புரியும்.

ஆரணியின் இன்னொரு புகழ் அரிசி. அரசாங்கக் கொள்முதலில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. தாண்டினால் 'காய வச்சுக் கொண்டாப்பா!' கஷ்டப்பட்டுக் காய வைத்த நெல்லை, மில்லில் மறுபடி தண்ணீரில் ஊறப்போட்டு, அவித்துத்தான் புழுங்கலரிசி ஆக்குகிறார்கள்!

முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிற கூட்டத்திடம் இன்னும் சில ஈரங்கள் உண்டு. சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் 'கை நனைக்க' மாட்டார்கள் பலர். நனைத்துவிட்டால் கல்யாணம் நிச்சயம். பட்ஜெட் எகிறிய அப்பா, 'முழுக்க நனைஞ்சாச்சு, முக்காடு எதுக்கு?' என்று இன்னொரு சேலையையும் எடுத்து வைப்பார். சிரித்துக்கொண்டே 'இன்க்ரிமென்ட் அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்கிற மேனேஜர், ஈரத்துணியைப் போட்டுக் கழுத்தறுக்கிற ரகம்.

வள்ளுவர் 'இனியவை கூறல்' அதிகாரத்தில் ஈரம் என்ற சொல்லை அன்பு என்ற பொருளில்தான் வைத்திருக்கிறார். நமக்கும் 'ஈரமில்லாதவன்' என்றால் இரக்கமில்லாதவன்தானே!

கார்த்திகை மாசம் ஆரணியில் சேலை பேரம் பேசும்போது இதையெல்லாம் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள், சார். பட்டில் எவ்வளவு ஈரம் என்று அளந்துவிடலாம். வாங்குகிறவனிடம் எவ்வளவு என்று அளக்க லியோனிலும் மெஷின் கிடையாது.