மாடு போனால் போர் போச்சு

1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் மூண்டு, பெங்களூர் போகிற லாரிகள் ஓசூரோடு நின்றுவிட்டன. காவேரிப்பட்டினத்தில் எங்கள் மண்டியில் தேங்காய் மூட்டைகள் கூரையைத் தொட்டன. பெங்களூர் போயிருந்த சித்தப்பாவிடமிருந்து தகவலே இல்லை. பாட்டி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

தாத்தா தராசுக்குப் பக்கத்தில் குந்தி, கிழிந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தார். கோணி ஊசியில் சணலைக் கோத்து, முடிச்சைப் பல்லால் இறுக்கிவிட்டுத்தான் பேசுவார். "இந்த ரோட்டுக்கு இதெல்லாம் புதுசாடா? ஐதர் அலி வெள்ளைக்காரனோட மாட்டையே ஓட்டிக்கிட்டுப் போனவன்."

மாடா? பீரங்கி, வாள் என்று எதிர்பார்த்த எனக்குச் சப்பென்று போனது. ஆனால் அவருக்கு மாடுதான் கதை. 1767 ஆகஸ்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஸ்மித்தின் படை கிருஷ்ணகிரிப் பக்கம் கிடந்தது. மேய்ச்சலுக்கு விட்டிருந்த மாடுகளை ஐதரின் குதிரைப்படை வளைத்து ஓட்டிவிட்டது. பொதி சுமக்க மாடில்லாத பட்டாளம் என்ன செய்யும்? அடுத்தபடியாக எங்கள் ஊர்க் கோட்டை ஐதர் கைக்குப் போனது. ஒரே ராத்திரியில் விழுந்ததாகத் தாத்தா சொல்வார். புத்தகங்கள் இரண்டு நாள் என்கின்றன. மண்டிக்காரர் கணக்கில் அந்த அளவு தள்ளுபடி உண்டு.

கம்பெனி பாடம் படிக்க இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1791 மே மாதம் ஐதரின் மகன் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணத்து வாசல் வரை போன கம்பெனிப் படைத்தலைவர் காரன்வாலிஸ், தானியமில்லாமல், மாடுகள் செத்து விழ, பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுத் திரும்பினார். அப்போது ஆம்பூரில் இருந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீட் இரண்டு சரக்கைச் சேர்த்தார்: ஒன்று உளவு, மற்றொன்று லம்பாடிகளின் பொதிமாடுகளில் வரும் தானியம். அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் தாத்தா குரலில் தொழில்காரனுக்குத் தொழில்காரன் காட்டும் மரியாதை இருக்கும்.

1792இல் திப்புவோடு செய்த உடன்படிக்கையில், எங்கள் ஊரையும் சேர்த்த பாரமகால் சீமை கம்பெனிக்கு வந்தது. ரீட்தான் அதிகாரி, உதவிக்குத் தாமஸ் மன்றோ. ராயக்கோட்டைக்கு அப்பால், ஓசூர்ப் பக்கம், இன்னும் திப்புவின் சீமை. வரி கடுமையானால் குடியானவன் ஏரைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடலாம். எல்லையோரம் நிலம் தரிசானால் அடுத்த சண்டைக்குத் தானியம் எங்கே? 1796இல் ரீட் வெளியிட்ட அறிவிப்பு, வேண்டிய நிலத்தை வைத்துக்கொண்டு வேண்டாததை ஆண்டுதோறும் விட்டுவிடக் குடியானவர்களுக்கு இடம் கொடுத்தது. தயவு என்று பாடப்புத்தகம் சொல்லும். எனக்கு அது படைக்குச் சோறு தேடிய கணக்காகவே தெரிகிறது. 1799இல் திப்புவை முடிக்கப் புறப்பட்ட கம்பெனித் தளபதி ஹாரிஸின் படை இந்தப் பாரமகால் வழியாகத்தானே போனது!

"மன்றோ வந்துதான் நம்மள மாதிரி ஆளு பேருக்கு நிலம் எழுதினான்" என்று தாத்தா பெருமையாக முடித்தார்.

"வரிய யார் போட்டது? அவந்தானே?" என்றாள் பாட்டி, வாசலிலிருந்து திரும்பாமலே. "போயி தேங்காய வெயில்ல பரப்பு, அழுகுது."