கேராகர் மண்

பெங்களூரு லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தால், சீட்டில் புழுதி படிந்திருக்கும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பேன். சாம்பல் நிறம்; சிமெண்டும் டயரும் கலந்த வாடை. கேராகர் மண் மஞ்சளாக இருந்தது. கோதுமைத் தாளும் காய்ந்த சாணமும் மணத்தது.

2018 ஏப்ரல் கடைசியில் கர்நாடகா எக்ஸ்பிரஸ் பிடித்து ஆக்ரா போனேன். கேராகர் பக்கம் ஓர் உருளைக்கிழங்குக் குளிர்பதனக் கிடங்கில் அமோனியா கம்பிரஸர் மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது, அதைச் சரிசெய்யத்தான். இங்கே கர்நாடகத்தில் தேர்தல் நேரம். வீட்டுக்குப் போன் போட்டால் மனைவி குரலுக்கு முன்னால் பிரச்சார ஆட்டோதான் கேட்கும்.

கிடங்குக்கு எதிரே ஒரு பாட்டியும் பேரனும். பாட்டியை ‘மாயி’ என்பேன். செங்கல்லை மண் குழைத்துக் கட்டிய சுவர், கூரைக்குச் சிவப்புக் கல் பலகைகள். பேரன்தான் எனக்கு டீ கொண்டுவருவான். பெங்களூரில் கடல் இருக்கிறதா என்று தினமும் கேட்பான். இல்லையென்றால் நம்பமாட்டான். மாயிக்கு முன்பற்கள் இரண்டு கிடையாது. சிரிக்கும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

மே 2. பகல் முழுக்க இலை அசையவில்லை. இருட்டிய பிறகு ஒரு மின்னல் வெட்டியது. அந்த வெளிச்சத்தில் பார்த்தேன், மேற்கே தரையே எழுந்து நின்று நடந்து வருகிறது. “ஆந்தி! ஆந்தி!” என்று பையன் கத்தினான். புழுதிப்புயல். கரண்ட் போனது. தகரம் பறந்தது, வேப்பமரம் முறிந்தது, வாயெல்லாம் மண், கண்ணெல்லாம் மண். மாயி எங்கிருந்தோ வந்து நனைத்த துணியை என் மூக்கில் கட்டினாள். “மெதுவா மூச்சு விடு, பேட்டா.” நான் அமோனியா வால்வை அடைக்க ஓடினேன். அவள் கன்றுக்குட்டியை அவிழ்க்க ஓடினாள்.

விடிந்ததும் எட்டுப் பேர் சேர்ந்து கல் பலகையைத் தூக்கினோம். மாயியின் கையில் கயிறு இருந்தது. கன்று பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தது. பையன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதுக்குள் இருந்த மண்ணை விரலால் எடுத்துவிட்டுக்கொண்டிருந்தான்.

அந்த ஒரே இரவில் உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலுமாக நூறு பேருக்கு மேல் போனார்கள். உத்தரப் பிரதேசத்தில் ஆக்ரா மாவட்டத்துக்குத்தான் அதிக அடி. பெரும்பாலும் சுவருக்கடியில், தூக்கத்தில். அந்த மாநில முதல்வர் அப்போது எங்கள் கர்நாடகத்தில் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். விமர்சனம் கிளம்பியதும் பயணத்தைச் சுருக்கிக்கொண்டு ஆக்ரா வந்தார். கேராகரில் நாங்கள் காய்ந்த விறகு தேடிக்கொண்டிருந்தோம். முறிந்து கிடந்த வேம்பெல்லாம் பச்சை, ஈரம்.

ஊர் திரும்பி ஒரு வாரம் சளியில் மஞ்சள் மண் வந்தது. அதன் பிறகுதான் ஆந்தியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். குளிர்பதன வேலைக்காரனுக்குப் பாதி விஷயம் சுலபமாகப் புரிகிறது. இடிமேகத்திலிருந்து விழும் மழை வழியிலேயே ஆவியாகிக் காற்றைக் குளிரவைக்கிறது. கனத்த குளிர்காற்று தரையில் மோதி நாலாபக்கமும் பாய்கிறது. கோடையில் காய்ந்த நிலம் அப்படியே கிளம்பிவிடுகிறது. பெரிய துகள்கள் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். நுண்ணியவை நாள்கணக்கில் மிதந்து, வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும், ஒரு பங்கைத் தாமே உறிஞ்சிச் சுற்றியிருக்கும் காற்றைச் சூடாக்கும். கீழே நிலம் குளிரும். இமயப் பனியில் படிந்தால் பனி கறுத்துச் சீக்கிரம் உருகும். அரபிக்கடல் மேலே தூசு கூடினால் அங்கே காற்று சூடேறி, ஈரக்காற்றை இழுத்து, ஒரு வாரத்துக்குள் மத்திய இந்தியாவில் மழையைக் கூட்டுகிறது என்று 2014இல் ஓர் ஆய்வு வந்தது. மாயியிடம் சொல்லியிருந்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்திருப்பாள்.

மே 12 இங்கே பள்ளிக்கூட வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன். நகத்து இடுக்கில் மஞ்சள் இன்னும் போகவில்லை. அதன் மேலேயே மை வைத்தார்கள். மறுநாள் மாலை வடக்கே மறுபடி ஆந்தி. அன்றும் நாட்டில் நாற்பது பேருக்கு மேல். இரவு கிடங்கு வாட்ச்மேனுக்குப் போன் போட்டேன். பையனும் கன்றும் கிடங்குக்குள் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார். மாயி வீட்டுச் சுவரை இடுப்புயரம் எழுப்பிவிட்டார்களாம், மண் குழைத்து.