சின்னக் கமராவிடம் நான் கேட்பவை

கடந்த மாதம் ஒருநாள் காலை திருநெல்வேலிச் சந்தைக்குப் போயிருந்தேன். உரும்பிராய், கோப்பாய், நீர்வேலிப் பக்கத் தோட்டங்களிலிருந்து மரக்கறி வந்து இறங்கும் நேரம். கூரைக்குக் கீழே இன்னமும் அரையிருட்டு. கீரைக்கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஓர் ஆச்சியை நான்கைந்து படங்கள் எடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன தம்பி, போன் கதைக்கிறியோ, படம் எடுக்கிறியோ?" என்று கேட்டார். எனது கையிலிருந்த கமரா அவ்வளவு சிறியது.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் இதே சந்தையில் வேறொரு ஆச்சி என்னிடம் வேறொரு கேள்வியைக் கேட்டிருந்தார். அப்போது எனது கையில் இருந்தது அலுவலகத்தின் பெரிய கறுப்புக் கமரா. முன்னால் ஒரு முழக்கை நீளத்தில் வில்லை. "உதென்ன தம்பி, துவக்கு நீட்டுற மாதிரி நீட்டுறாய்?" என்றார் அவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துவக்கு நீட்டப்படுவது எப்படி இருக்கும் என்பதை அறியாதவர்கள் எவரும் அந்தச் சந்தைக்குள் அன்று இருந்திருக்க மாட்டார்கள். கமராவைத் தாழ்த்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். சிறிய கமரா ஒன்று வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் விழுந்தது அன்றுதான்.

இன்றைய இளைஞர்கள் 'மிரர்லெஸ்' என்று சொல்லும் ஆடியற்ற கமராக்களைப் பற்றி எழுதும்படி ஊடகக் கற்கை மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். நான் படப்பிடிப்பாளன் அல்லன். எழுதப் பழகியவன். ஆனால் யாழ்ப்பாணத்தில் செய்தியாளனாக இருந்தவன் படமும் எடுக்கத்தான் வேண்டியிருந்தது. ஆகவே விற்பனையாளர் சொல்வதை விட்டுவிட்டு, தோளில் சுமந்தவன் என்ற வகையில் சிலவற்றைச் சொல்லலாம்.

திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக் கலைப்பீடத்தில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு நான் பத்திரிகைத் துறைக்குள் நுழைந்தது தொண்ணூறுகளின் முற்பகுதியில். குடாநாட்டில் 1990இல் நின்றுபோன மின்சாரம் திரும்பியிருக்கவில்லை. பொருளாதாரத் தடை. பத்திரிகையே கொப்பித்தாளில் அச்சாகிக்கொண்டிருந்த காலம். ஜாம்போத்தல் விளக்கில் செய்தி எழுதினோம். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. பென்ரோர்ச் பற்றரி ஒன்று வைத்திருப்பவர் செல்வந்தர் போல நடமாடிய நாட்கள் அவை.

எங்கள் அலுவலகத்தில் மூத்த படப்பிடிப்பாளர் ஒருவர் இருந்தார். அவரிடம் சோவியத் நாட்டுத் தயாரிப்பான செனித் கமரா ஒன்று. கல் மாதிரிக் கனம். ஷட்டரை அழுத்தினால் பக்கத்து அறைக்குக் கேட்கும். ஆனால் அதற்குப் பற்றரி தேவையில்லை. ஷட்டர் முழுவதும் பொறியினால் இயங்குவது. ஒளியை அளக்கும் மானிகூட செலனியக் கலத்தினாலானது. தன்மேல் விழும் ஒளியிலிருந்தே மின்னை உண்டாக்கி முள்ளை அசைத்துக்கொள்ளும். "தம்பி, உவன் தடைக்கெண்டே செய்து அனுப்பின கமரா" என்று அவர் சொல்லுவார். பற்றரியை நம்பியிருந்த நல்ல யப்பான் கமராக்கள் அலுமாரிக்குள் தூங்க, செனித் வேலை செய்தது. றோல் கிடைப்பதும் அருமை. 36 படங்களை ஒரு கிழமைக்கு வைத்து எடுக்கும் சிக்கனத்தை அவரிடமே கற்றேன்.

ஆடி என்பது என்ன, அதை ஏன் நீக்கினார்கள் என்பதைச் சற்றுச் சொல்லிவிடுகிறேன். செனித் போன்ற கமராவுக்குள், வில்லைக்கும் பிலிமுக்கும் நடுவே, 45 பாகையில் சரிந்த தளவாடி ஒன்று இருக்கும். வில்லை காணும் காட்சியை அது மேலே தெறிக்கச்செய்து நமது கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலே எழும்பி வழிவிட, ஒளி பிலிமில் விழும். 1959இல் வந்த நிக்கோன் எஃப் முதல் அண்மைக் காலம் வரை உலகத்துச் செய்திப் படங்களின் பெரும்பகுதி இவ்வாறுதான் எடுக்கப்பட்டது. பிலிமின் இடத்தில் இலத்திரனியல் உணரி வந்த பிறகும் ஆடி அப்படியே இருந்தது. உணரி தான் காண்பதை நேரே ஒரு திரையில் காட்டக்கூடியதாக இருக்கும்போது நடுவில் ஆடி எதற்கு என்ற கேள்வி பிற்பாடுதான் வலுப்பெற்றது. பனாசோனிக்கும் ஒலிம்பஸும் 2008இல் அதற்கு விடையாக ஒரு புதிய அமைப்பை அறிவித்தன. அவ்வாண்டே பனாசோனிக் ஜி1 வந்தது. அடுத்த ஆண்டு ஒலிம்பஸ் இ-பி1. அதன் உடல் 335 கிராம்தான்.

வீட்டு நடுவில் கிடந்த பெரிய பெட்டகத்தை அகற்றினால் அறை எப்படி விரியுமோ, அப்படித்தான் இதுவும். ஆடியுள்ள நிக்கோனில் வில்லை பொருந்தும் வளையத்துக்கும் உணரிக்கும் இடையே 46.5 மில்லிமீற்றர். ஆடியற்ற நிக்கோனில் 16. இந்த மூன்று சென்ரிமீற்றரில்தான் எல்லாமே அடங்கியிருக்கின்றன.

அப்படியானால் படமெடுப்பவன் இந்தச் சின்னக் கமராவிடம் எதை எதிர்பார்க்கிறான்?

முதலாவது, அழுத்திய கணத்தில் எடுக்க வேண்டும். 2010ஆம் ஆண்டு கனடாவிலிருந்து வந்த மைத்துனர் முதற் தலைமுறை ஆடியற்ற கமரா ஒன்றை எனக்குக் கொண்டுவந்து தந்தார். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நல்லூர்த் தேருக்குப் போனேன். தேர் இருப்பைவிட்டு அசையும் அந்தக் கணத்துக்காக வடத்துக்கு அருகே ஒரு மணித்தியாலம் காத்து நின்றேன். அரோகரா எழுந்தது. அழுத்தினேன். கமரா முன்னும் பின்னும் குவியம் தேடி, ஆறுதலாக ஒரு படம் எடுத்தது. அதில் தேர் இல்லை. உயர்ந்த கைகள்தான் இருந்தன. செனித்தாக இருந்தால் குவியத்தை முன்பே வைத்துவிட்டு நின்றிருப்பேன். அன்று மாலை ஆசிரியருக்குச் சொல்ல என்னிடம் எந்தச் சாட்டும் இருக்கவில்லை. இந்தக் குறை இன்று பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இப்போதைய கமராக்கள் கண்ணைத் தேடிக் குவியம் பிடிக்கின்றன. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2020இல் சோனியின் ஆடியற்ற கமராக்களுக்கு மாறுவதாக அறிவித்தபோது வாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

இரண்டாவது, கண்ணை வைத்துப் பார்க்க ஒரு வியூபைண்டர் வேண்டும். எங்களூர் வெயிலில் பின்பக்கத் திரை எதையும் காட்டாது. கையை நீட்டிப் பிடித்தால் கமராவும் ஆடும். நெற்றியில் முட்டுக்கொடுத்துப் பிடிப்பவனுக்கே மெதுவான ஷட்டரில் படம் தெளிவாக விழும். சந்தைக்குள் இருக்கும் அரையிருட்டுக்கு அது அவசியம்.

மூன்றாவது, வில்லையும் சிறிதாக இருக்க வேண்டும். இதை விற்பனையாளர் சொல்வதில்லை. உணரி பெரிதானால் வில்லையும் பெருக்கத்தான் செய்யும். சோனி 2018இல் வெளியிட்ட ஏ7 மூன்றாம் பதிப்பின் உடல் 650 கிராம். அதற்கென அந்நிறுவனமே செய்த 24-70 உயர்தர வில்லை 886 கிராம். மாட்டை விற்றுக் கன்று வாங்கியவனுக்கு மாட்டுக்குரிய கயிற்றையும் சேர்த்துக் கட்டிவிட்ட கதை. மாறாக, பனாசோனிக்கின் பழைய 20 மில்லிமீற்றர் வில்லை 100 கிராம்தான். அதன் துவாரம் எஃப் 1.7 வரை திறக்கும். சிறிய உணரியில் அது மனிதக் கண் காண்பதற்குச் சற்று அகலமாகக் காணும். நான் ஆண்டுக்கணக்காகப் பாவிப்பது அதைத்தான். கல்யாண வீட்டுக்காரருக்கு இது போதாது. திண்ணையில் இருந்து ஒருவருடன் கதைத்துக்கொண்டே படமெடுப்பவனுக்குத் தாராளமாகப் போதும்.

நான்காவது பற்றரி. செனித்தை அறிந்த எனக்கு இது சற்றுக் கசப்பான விடயம். ஆடியற்ற கமரா பார்ப்பதற்கே மின்னைச் செலவழிக்கிறது. கண்ணை வைத்துக் காத்திருக்கும் நேரமெல்லாம் பற்றரி கரைகிறது. ஆடியுள்ள கமராவில் ஒரு பற்றரிக்கு ஆயிரம் படங்கள் வரும் இடத்தில், சின்னக் கமராக்கள் பலவற்றில் முந்நூறு, நானூறு என்றுதான் கணக்கு. 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, எரிபொருள் வரிசைகளைப் படமெடுக்க மூன்று பற்றரிகளோடு திரிந்தேன். அதே ஆண்டில் 200 ரூபாவாக இருந்த டொலர் 350ஐத் தாண்டியது. புதிய கமரா வாங்கும் எண்ணத்தை எங்களில் பலர் அத்தோடு கைவிட்டோம். ஆகவே என்னைக் கேட்டால், தொலைபேசிக்குப் பாவிக்கும் அதே வயரில் மின்னேற்றக்கூடியதாகவும், பத்து வருடமாவது உழைக்கக்கூடியதாகவும் இருப்பதே நல்ல கமரா. எங்கள் செம்மண் தூசியும் மாரிகால ஈரமும் உள்ளே புகாமல் இருந்தால் இன்னும் நல்லது. வில்லையில் பூஞ்சணம் பிடித்தால் துடைக்க ஆள் தேடி அலைய வேண்டும். ஆடி இல்லாத கமராவில், வில்லையைக் கழற்றிய உடனே உணரி வெறுமையாக வெளியே தெரியும். காற்றடிக்கும் வெளியில் நின்று வில்லை மாற்றாதீர்கள்.

ஐந்தாவது, சத்தமின்மை. இதைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். சில கிழமைகள் கழித்து அங்கே போனேன். பெரிய கமராக்களோடு சிலர் வந்து, தாய்மாரை வரிசையாக இருத்தி, படங்களை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பின்னர் நான் எனது சின்னக் கமராவில் சத்தத்தை நிறுத்திவிட்டு, ஓர் ஓரமாக இருந்த தாய் ஒருவரை எடுத்தேன். அவர் காணவில்லை என்று நினைத்தேன். கண்டிருந்தார். "தம்பி, என்ரை முகத்தை எடுத்து என்ன செய்யப் போறியள்? இவன்ரை முகத்தை எடுங்கோ. அதைத்தானே ஆரும் காணவேணும்" என்று மடியில் இருந்த மகனின் படத்தை நீட்டினார். ஸ்ரூடியோவில் எடுத்த சிறிய படம். ஓரங்கள் வெளிறியிருந்தன.

வெட்கமாக இருந்தது. பெரிய கமரா மனிதரை அச்சுறுத்துகிறது என்று சொல்லிச் சிறியதை வாங்கியவன் நான். அந்தச் சிறியதை ஒளித்தெடுக்கும் கருவியாக ஆக்கியிருந்தேன். துவக்கு நீட்டுவதற்கும் களவெடுப்பதற்கும் இடையே எதைத் தெரிவு செய்வது? கமரா சிறிதாக இருப்பது கேட்காமல் எடுப்பதற்காக அல்ல, பக்கத்தில் இருந்து கேட்பதற்காக என்று அன்று எனக்குப் பட்டது. அவருக்கு அருகே நிலத்தில் இருந்து, அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்து, சத்தத்தைத் திரும்பவும் இயங்க விட்டு, அவர் கேட்கக்கூடியதாக எடுத்தேன். இரண்டு நாட்களின் பின் பத்திரிகையில் வந்தது அந்தப் படம்தான். அந்த மகன் இன்றுவரை வரவில்லை.

கடைசியாக ஒன்று. ஆடியை நீக்கியதால் உண்டான இடைவெளியில் இன்னொரு வசதி பிறந்தது. உலகத்துப் பழைய வில்லைகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஒரு வளையத்தின் துணையோடு இந்தக் கமராக்களில் பொருத்தலாம். எங்கள் மூத்த படப்பிடிப்பாளர் காலமான பின்னர் அவருடைய மனைவி செனித்தை என்னிடம் தந்திருந்தார். ஷட்டர் கிழிந்துவிட்டது. ஆனால் அதன் 58 மில்லிமீற்றர் ஹீலியோஸ் வில்லை பழுதின்றி இருந்தது. கொழும்பிலிருந்து வளையம் ஒன்றை எடுப்பித்துப் பூட்டினேன். குவியத்தைக் கையாலேயே திருப்ப வேண்டும். திருப்பும்போது விரல்களுக்கு அந்தப் பழைய இறுக்கம் அப்படியே தெரிந்தது. சிறிய உணரியில் அது இரட்டிப்பு நீளமான வில்லை போலப் பார்க்கும். முகம் எடுப்பதற்கு மிகவும் உகந்தது.

சந்தை ஆச்சியிடம் திரும்பி வருகிறேன். படம்தான் எடுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு, எடுத்தவற்றைத் திரையில் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "உது கீரைதான் தெரியுது. நல்லதா ஒண்டு எடு தம்பி. தொண்ணூற்றைஞ்சில் இடம்பெயர்ந்து போட்டு வர, வீட்டிலை ஒரு படமும் மிச்சமில்லை. நாளைக்குக் கல்வெட்டிலை போடுறதுக்கும் ஒண்டு வேணுமெல்லே" என்றார், மிகச் சாதாரணமாக.

அடுத்தநாள் ஹீலியோஸைப் பூட்டிக்கொண்டு போனேன். சேலையைச் சரிசெய்து, கூரை முடியும் இடத்தில் வெளிச்சத்துக்கு முகங்காட்டி இருந்தார். இரண்டே இரண்டு படங்கள். செனித் காலத்துச் சிக்கனம் விரல்களில் இன்னமும் இருக்கிறது. பெரிய அளவில் கழுவி, மட்டையில் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆச்சி அதை எட்டத்தில் பிடித்துக் கனநேரம் பார்த்தார்.

"மூக்குத்தி வடிவாத் தெரியுது" என்றார். பிறகு இரண்டு கட்டுக் கீரையை எனது பையில் வைத்தார். காசு வாங்கவில்லை.